இழுப்பு உட்கார்ந்த இடம்

கருக்கம்பாளையத்தில் தறிச் சத்தம் நிற்பது அமாவாசையன்று மட்டும்தான் என்பதும், அன்றைக்கு ஊருக்கே காது அடைத்த மாதிரி ஆகி ஆளாளுக்குக் கத்திப் பேசுவார்கள் என்பதும், மற்ற நாளெல்லாம் பஞ்சுத் துகள் பறந்து வந்து ஆற வைத்த காபியின் மேல் இரண்டாவது ஆடையாகப் படியும் என்பதும் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. அப்படிப்பட்ட ஊரில் இருபத்தாறு வருடம் தறி ஓட்டிய நாச்சிமுத்துவுக்கு மூச்சிழுப்பு வந்ததில் யாரும் ஆச்சரியப்படவில்லை. அந்த இழுப்பு ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவரை விட்டு இறங்கிப் போனபோதும், ஆச்சரியப்பட்டிருக்கலாம்தான், ஆனால் அன்றைக்கு எல்லாருக்கும் வேலை இருந்தது.

அவருடைய மனைவி செங்கமலம் பனியன் கம்பெனியில் பீஸ் செக்கிங் பார்க்கிறவள். ஒரு கழுத்துப் பட்டியில் ஒரே ஒரு தையல் நழுவியிருந்தாலும் அவள் விரல் அங்கே போய் நிற்கும். வீட்டுக்காரருக்கு இழுப்பு முற்றி, பஸ்ஸுக்குக் காத்து நின்றால் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் உதடு நீலம் பாரிக்கிறது என்று ஆனபோது, நாற்பத்தொரு வயதில் டிரைவிங் கற்றுக்கொண்டு, இரண்டு கை மாறி வந்த ஒரு சின்னக் காரை வாங்கினாள். கத்திரிக்காய் நிறம். நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேருக்கும் முழங்கால் இடிக்கும். அதற்கு அவள் செய்த பணிவிடையைப் பார்த்துத் தெருவே கேலி பேசியது. காலையில் கோலம் போட்ட கையோடு பானட்டைத் திறந்து, ஆயில் குச்சியை உருவி, கம்பெனியில் கழித்த பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்ப்பாள். கூலன்ட் கோடு வரை இருக்கிறதா என்று குனிவாள். நாலு டயரையும் காலால் உதைத்து, ஸ்டெப்னியையும் விடாமல் உதைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். எதிர்வீட்டு ராக்கியண்ணன், "பெத்திருந்தாக்கூட இத்தனை சீராட்ட மாட்டா" என்பார். அவர்களுக்குப் பிள்ளை இல்லை என்பது அவருக்கும் தெரியும், ஆனால் அவர் வாய் அப்படி.

இன்னொரு வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். கருக்கம்பாளையத்தில் வண்டிக்கு எந்தச் சாமான் மாற்றினாலும், கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பார்க்காமல் யாரும் ஒர்க்‌ஷாப்பை விட்டு நகர மாட்டார்கள். மாற்றினேன் என்று சொல்லி மாற்றாமல் விட்டுவிடுவார்களோ என்ற சந்தேகம்தான் காரணம். பழைய பிளக்கோ, பிரேக் பேடோ, எதுவானாலும் மஞ்சள் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பரணில் எறிந்துவிட்டால்தான் திருப்தி. இந்தச் சந்தேகத்தில் செங்கமலத்தை மிஞ்ச ஆள் கிடையாது. மெக்கானிக் ஆறுச்சாமி அவளைக் கண்டாலே கழற்றிய நட்டைக்கூடப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்.

அந்தப் புதன்கிழமை நாச்சிமுத்துவுக்கு இழுப்பு கண்டபடி ஏற, செங்கமலம் முன்னால் இடதுபக்க இருக்கையில் அவரைச் சாய்த்து வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். பாதி வழியில் காரும் இழுக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் முக்கியது, முனகியது, மேடு ஏறவில்லை. உள்ளே ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்க, வண்டியும் மூச்சுக்குத் தவிக்க, செங்கமலம் வேறு வழியில்லாமல் ஆறுச்சாமியின் ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினாள். ஆறுச்சாமி பானட்டைத் தூக்கி, கறுப்பு டப்பாவின் நாலு கிளிப்பையும் நெம்பி, ஏர் ஃபில்டரை வெளியே எடுத்தார். அது ஃபில்டர் மாதிரியே இல்லை. பஞ்சு அடைத்துத் தலையணை மாதிரி உப்பியிருந்தது.

"இத வெச்சுக்கிட்டு வண்டி எப்புடி அம்மிணி ஓடும்? பாவம், வாயில துணிய வெச்சு அடைச்சாப்புல இருந்திருக்குது" என்று சொல்லிக்கொண்டே புதுசைப் போட்டுக் கிளிப்பை அழுத்தினார்.

நாலாவது கிளிப் டக்கென்று விழுந்தது. உள்ளே நாச்சிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு மூச்சு இழுத்தார், விட்டார். இன்னொன்று இழுத்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கி வந்து, "ஏம்புள்ள, ஒரு டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். பதினாலு வருடமாக ஒரே மூச்சில் இத்தனை சொல் பேசாத மனுசன்.

சந்தோஷத்தில் செங்கமலத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. டீக்கடையில் அவர் இரண்டு வடை தின்றதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பழைய சாமானைக் கேட்டு வாங்காமல் வீட்டுக்குப் போனாள்.

மறுநாளும் இழுப்பு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. நாச்சிமுத்து ராத்திரியில் தயிர் ஊற்றிச் சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்கு நாற்பது பலூன் ஊதிக் கொடுத்து, இன்னும் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டார். சந்தைக்கு நடந்தே போய்ப் பூசணிக்காயைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தார். ஒரு மாதத்துக்குள் கார் ஓட்டவும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகு சாவியை அவளிடம் கொடுப்பதில்லை. கோயில் மைதானத்தில் வண்டியைப் பின்னால் எடுத்துப் பின்னால் எடுத்துப் பழகி, சின்னப் பையனாட்டம் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காக எதையும் கொடுக்கலாம் என்று செங்கமலம் நினைத்தாள். யார் கொடுப்பது என்று அப்போது அவள் நினைக்கவில்லை.

காருக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது என்று தெருவுக்குப் புரிந்தது ராக்கியண்ணனால்தான். கண்ணில் புரை விழுந்து எல்லாம் புகையாகத் தெரிந்துகொண்டிருந்த அவரைக் கண் முகாமுக்கு அந்தக் காரில் கூட்டிப் போகும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வைப்பர் ரப்பர் கிழிந்து கண்ணாடியைத் துடைப்பதற்குப் பதில் மெழுகியது. ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியதும் ஆறுச்சாமி இரண்டு பிளேடையும் மாற்றினார். இடதுபக்கம் உட்கார்ந்திருந்த ராக்கியண்ணன், "அட, அந்தச் சுவத்துல என்னவோ எழுதியிருக்குது" என்று எட்டு வருடமாக அங்கே இருக்கும் சிமெண்ட் விளம்பரத்தைப் படித்துக் காட்டினார். முகாமுக்குப் போகாமலே வீடு திரும்பினார்கள். பழைய வைப்பர் பிளேடுகளை ராக்கியண்ணன் முறைப்படி மஞ்சள் பையில் வாங்கி வந்து, பரணில் எறியாமல், திருஷ்டிப் பூசணி தொங்கும் ஆணியில் கட்டித் தொங்கவிட்டார்.

அதற்குப் பிறகு தெரு சும்மா இருக்குமா? ஆளுக்கொரு சாமானோடு வந்தார்கள். திக்குவாய் மகனோடு வந்த ஒருத்தர் இரட்டைச் சத்தம் போடும் புது ஹாரன் கொண்டுவந்தார். பழைய ஹாரனைக் கழற்றியபோது பையன் தன் பேரையும் தகப்பன் பேரையும் ஊர்ப் பேரையும் ஒரே மூச்சில் சொல்லி, அப்புறம் நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்தினான். முதுகு வளைந்தவர் தொய்ந்துபோன ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார். உடம்பெல்லாம் அரிப்பெடுத்த பெண் ரோஜாப் பூப் போட்ட சீட் கவர் தைத்து வந்தாள். போன வழியே திரும்பத் தெரியாத மறதிக்காரருக்காக அவர் மகள் ரிவர்ஸ் கேமரா மாட்டிவிட்டாள். கழற்றப் பழையது எதுவும் இல்லாததால் அது மட்டும் பலிக்கவில்லை. எட்டு வருடக் காருக்கு இரண்டே மாதத்தில் புது விளக்கு, புது கிளட்ச், புது மிதியடி எல்லாம் வந்து, கல்யாணப் பெண் மாதிரி நின்றது. தெருவில் வீட்டுக்கு வீடு நிலைப்படிக்கு மேலே ஒரு பழைய சாமான் தொங்கியது. ஒரே ஒரு குறை. ஒரு சாமான் ஒரு தடவைதான் பலித்தது. ராக்கியண்ணன் மனைவிக்காக மறுபடியும் வைப்பர் மாற்றியதில், அந்தம்மாவுக்கு இடுப்பு வலித்ததுதான் மிச்சம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் நடுவில், மயிலாத்தாளின் குரல் நின்று போயிருந்ததை முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மயிலாத்தாள் இட்லி மாவு விற்கிறவள். அவள் புருஷன் துரைராசு ஓட்ட, அவள் முன்னால் இடதுபக்கம் உட்கார்ந்து, பின்சீட்டைக் கழற்றிவிட்டு வைத்த மாவு அண்டாக்களோடு காலை ஆறு மணிக்கு வருவார்கள். அவர்களுடையதும் இதே மாதிரி சின்னக் கார்தான், வெள்ளை நிறம். "மாவேய்... இட்லி மாவேய்..." என்று அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கூப்பிடுவது இத்தனை தறிச் சத்தத்தையும் தாண்டி மூன்றாவது தெரு வரைக்கும் கேட்கும். அலாரம் வைக்கிற பழக்கமே அந்த ஊரில் கிடையாது. அவள் குரல் நின்ற பிறகு துரைராசு ஒரு ஸ்பீக்கரை மேலே கட்டி, தன் குரலையே பதிந்து ஓடவிட்டான். அவன் குரல் துக்கம் சொல்ல வந்தவன் குரல் மாதிரி இருந்தது. ஜனங்கள் தூங்கிப்போனார்கள், ஷிப்டுக்குப் பிந்தினார்கள், மாவு மீந்து புளித்தது.

ஒருநாள் காலை செங்கமலம் பாத்திரத்தோடு அந்த வெள்ளைக் கார் பக்கத்தில் போய் நின்றாள். உள்ளே மயிலாத்தாள் கண்ணாடியில் தலையைச் சாய்த்திருந்தாள். அவள் மூச்சு கேட்டது. நீளமாக ஒரு இழுப்பு, அது முடியும் இடத்தில் குட்டியாக இரண்டு விசில். குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னால் வெறும் காற்று வரும் சத்தம். பதினாலு வருடம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்தவள் செங்கமலம். முதல் விசில் இரண்டாவதைவிடக் கொஞ்சம் நீளம் என்பதுகூட அவளுக்குத் தெரியும். உலகத்தில் இழுப்பு ஆயிரம் பேருக்கு வரலாம், ஆனால் இது நாச்சிமுத்துவின் இழுப்பு.

கையில் இருந்த பாத்திரத்தை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு நடந்தாள்.

"அண்ணா, அன்னிக்குக் கழட்டுன ஏர் ஃபில்டர் எங்கீங்க?"

ஆறுச்சாமி கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் எதையும் எறியாத மனுசன். அது குணமே தவிரத் திருட்டு இல்லை. "கம்ப்ரசர்ல காத்தடிச்சேன் அம்மிணி. பஞ்செல்லாம் போயி, இன்னும் ஆறு மாசம் வருமாட்ட இருந்துச்சு. நீயும் கேக்கல. அன்னிக்கு மத்தியானமே மாவுக்காரம்மா வண்டி வந்துச்சு, அதுல பில்டரே நைஞ்சு கெடந்துச்சு. சும்மா வெச்சுக்கன்னு போட்டு உட்டேன்." சொல்லச் சொல்ல அவருக்கே விளங்கி, பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்கே அவர் துரைராசுவை வரவழைத்து, புது ஃபில்டர் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிப் பானட்டைத் திறந்தார். அந்த ஃபில்டர் டப்பாவை விட்டு வெளியே வந்ததும் மயிலாத்தாளுக்கு மூச்சே நின்றுபோனது. இழுப்பு கூட இல்லை. கண் மேலே செருகிவிட்டது. பதறிப்போய் அதையே திரும்ப உள்ளே வைத்தபோதுதான் அந்த இரண்டு விசிலும் திரும்பி வந்தன. துரைராசு எதுவும் புரியாமல் கும்பிட்டான்.

சாயங்காலம் செங்கமலத்திடம் ஆறுச்சாமி சொன்னார்: "ராக்கியண்ணன் ஊட்டு வைப்பர் வேற, அது எந்த வண்டிலயும் ஏறல. இது ஏறி உக்காந்துருச்சு. இனி ஆணியிலெல்லாம் தொங்காது. ஒரு வண்டிய உட்டு எறங்குனா இன்னொரு வண்டி வேணும், அதுல முன்னால எடதுபக்கம் ஒரு ஆளும் வேணும். வேற மாடல் வண்டிக்கு அது சேராது. உன்ற வண்டிக்குச் சேரும்."

"அதுல அவரு இருக்காருங்களே" என்றாள் செங்கமலம்.

"நாஞ் சொல்றதச் சொல்லிப்போட்டேன்."

சொல்லிவிட்டார். செங்கமலம் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். வீட்டுக்குள் போனால் அவர் சீட்டியடித்துக்கொண்டே வேட்டி மடிப்பார். இந்த மூச்சைப் பிடுங்கி வெளியே போட அவளுக்குக் கை வரவில்லை. அதற்குப் பதிலாக மயிலாத்தாள் வீட்டுக்குக் கஷாயம் கொண்டுபோனாள். ஆடாதொடை இலைக் கஷாயம், தூதுவளை ரசம், மிளகு தட்டிப்போட்ட பால். எந்த நேரத்தில் எது கொடுத்தால் அந்த இழுப்பு கொஞ்சம் அடங்கும், எப்படிச் சாய்த்து உட்கார வைத்தால் இரண்டாவது விசில் வராது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். நாற்பது நாள் போனாள். மயிலாத்தாள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு, "அக்கா... கூடப் பொறந்தவகூட... இப்புடிப் பாக்க மாட்டா" என்று மூன்று தவணையில் சொன்னாள். செங்கமலத்துக்கு அந்தத் தம்ளரைத் திரும்ப வாங்கும்போது கை கூசும். மறுநாளும் போவாள்.

நாற்பத்தோராம் நாள் காலை நாச்சிமுத்து வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெள்ளைக் கார் வந்து நின்றது. ஸ்பீக்கர் கெட்டுப்போய் அன்றைக்கு அதுவும் இல்லை. மயிலாத்தாள் கண்ணாடியை இறக்கி மூச்சு வாங்கினாள். நாச்சிமுத்து கையில் ஈரத்துணியோடு கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே வந்தார்.

"பாவம் புள்ள அந்தப் பொம்பள. என்னா இழுப்பு அது! கேக்கற நமக்கே நெஞ்சு அடைக்குது. பக்கத்துல படுக்கறவன் எப்புடித்தான் தூங்குவானோ."

செங்கமலம் திரும்பிப் பார்த்தாள். தன் இழுப்பு வெளியே இருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று இந்த மனுசனுக்குத் தெரியவே தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தாள். முகம் காட்டிக் கொடுத்தது. அவர் ஈரத்துணியைக் கீழே வைத்தார், பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கோபப்படவில்லை. நெடுநேரம் தன் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், இரவல் வாங்கின சட்டையைத் தடவிப் பார்க்கிறவர் போல. "என்ற சாமானு" என்றார். "எனக்குத்தான் வரோணும். போய் அவங்ககிட்டச் சொல்லு. அமாவாசைக்குத் தறி நிக்கும், அன்னிக்கு வெச்சுக்கலாம்."

மயிலாத்தாள் முழுவதையும் கேட்டுக்கொண்டாள். அன்றைக்குக் கொண்டுபோன கஷாயம் அவள் கையில் இருந்தது. அதைத் தரையில் வைத்தாள்.

"அப்ப... தெரிஞ்சுட்டுத்தான்... கசாயம் கொண்டாந்தியா?"

"ஆமா மயிலா."

"நாப்பது நாளும்?"

செங்கமலம் தலையை ஆட்டினாள். மயிலாத்தாள் திட்டுவதற்கு மூச்சு சேர்த்தாள், சேரவில்லை. தம்ளரைக் காலால் மெதுவாகத் தள்ளி வாசற்படிக்கு வெளியே விட்டாள். அதைவிட அவள் திட்டியிருக்கலாம்.

விஷயம் தெருவுக்குத் தெரிந்தது. தெரு கூடிப் பேசியது. நல்லதெல்லாம் எல்லாரும் அனுபவித்தோம், ஒருத்தர் தலையில் மட்டும் இதைக் கட்டுவது நியாயமில்லை, மண்டகப்படி மாதிரி முறை வைத்துக்கொள்ளலாம், ஒரு மாதம் ஒருத்தர் வண்டியில் இருக்கட்டும் என்று ராக்கியண்ணன் சொன்னார். அவரிடம் வண்டி கிடையாது. எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். அந்த ஃபில்டர் சேரக்கூடிய மாடல் கார் ஊரில் இன்னும் இரண்டு பேரிடம் இருந்தது. ஒருத்தர் மறுநாளே தன் காரை மாமனார் ஊருக்கு அனுப்பிவிட்டார். இன்னொருத்தர் காரை விற்றுவிட்டு, காலாகாலத்துக்கும் ஸ்கூட்டர்தான் தனக்குப் பிடிக்கும் என்று பேச ஆரம்பித்தார். திக்குவாய் போன பையன் மட்டும், "எனக்குக் கார் இருந்தா நான் வெச்சுக்குவேன்" என்று நாலு பேர் நடுவில் தெளிவாகச் சொன்னான். அவனை அவன் அம்மா வீட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டாள்.

அமாவாசை வந்தது. தறிகள் நின்றன. நாச்சிமுத்து காலையிலேயே முகம் மழித்து, குளித்து, தயிர் ஊற்றி ஒரு வாய் பழையது சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஒரு பலூன் ஊதிக் கொடுத்தார். இந்தக் கடைசிச் சாமர்த்தியங்களையெல்லாம் செங்கமலம் அடுக்களையில் இருந்தே பார்த்தாள். ஆயில் குச்சியை உருவித் துடைத்தாள், கூலன்ட் பார்த்தாள், நாலு டயரையும் உதைத்தாள், ஸ்டெப்னியையும் உதைத்தாள். "இன்னிக்கு நான் ஓட்டறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார்.

ஒர்க்‌ஷாப் வாசலில் தெருவே நின்றது. ஆறுச்சாமி இரண்டு காரையும் மூக்கோடு மூக்கு வைத்து நிறுத்தச் சொல்லியிருந்தார். இந்த டப்பாவில் இருந்து அந்த டப்பாவுக்கு ஒரு எட்டுத்தான் இருக்க வேண்டும், நடுவில் ஒரு மூச்சு நேரம்கூடப் போகக்கூடாது. வெள்ளைக் காருக்குப் போடப் புது ஃபில்டர் ஒன்று வாங்கி, அதை உதவிக்கு நின்ற துரைராசுவின் கையில் கொடுத்துவைத்திருந்தார். மயிலாத்தாள் இடதுபக்கம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். எதிரே இரண்டு முழம் தள்ளிச் செங்கமலத்தின் கார் நின்றது. பானட்டுகள் இரண்டும் திறந்திருந்தன. எட்டுக் கிளிப்புகளும் நெம்பி வைக்கப்பட்டன.

"இன்னுங் கொஞ்சம் முன்னால வரோணும்" என்றார் ஆறுச்சாமி.

செங்கமலம் ஸ்டியரிங்கில் இருந்து கையை எடுத்து நாச்சிமுத்துவிடம் காட்டினாள். "மாமா, எனக்குக் கை நடுங்குது. நீங்க கொஞ்சம் எடுத்து உடுங்க."

கை நிஜமாகவே நடுங்கியது. பொய்யாக இருந்திருந்தால் அவர் கண்டுபிடித்திருப்பார். அவள் இறங்கிக்கொள்ள, அவர் இறங்கிச் சுற்றி வந்து வலதுபக்கம் உட்கார்ந்தார். முதல் கியரில் அரையடி, இன்னும் அரையடி, மைதானத்தில் பழகின அத்தனை நிதானத்தோடும் காரை நகர்த்தி, மூக்கும் மூக்கும் உரசாமல் நிறுத்தினார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமைகூட வந்தது. அந்த நேரத்தில் செங்கமலம் பின்பக்கமாகச் சுற்றி வந்து, இடதுபக்கக் கதவைத் திறந்து, ரோஜாப்பூ சீட் கவரின் மேல் உட்கார்ந்து, கதவைச் சாத்தினாள். பானட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்த ஆறுச்சாமிக்கு உள்ளே யார் எங்கே என்று தெரியாது. "சரிதானுங்களா?" என்று கேட்டார்.

"சரிதானுங்கண்ணா" என்றாள்.

பக்கத்தில் இருந்து அவள் குரல் வந்ததும் நாச்சிமுத்து திரும்பினார். சீட் பெல்ட் டக்கென்று மாட்டிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவர் அவள் பெல்ட்டை அவிழ்க்கக் கையை நீட்டினார், அவள் அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் அழுத்திக்கொண்டாள், வெளியே நாலாவது கிளிப் விழுந்தது.

வெள்ளைக் காரில் மயிலாத்தாள் கண்ணைத் திறந்தாள். ஒரு மூச்சு இழுத்தாள், விட்டாள், இன்னொன்று இழுத்தாள். ஆறுச்சாமி பானட்டுகளை இறக்கியதும் அவள் எதிர்க் காரின் கண்ணாடி வழியாக இடதுபக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள், அப்புறம் முகத்தைத் திருப்பி, முழுக் குரலில், "வண்டிய எடு. மாவு புளிச்சுப் போயிரும்" என்று துரைராசுவிடம் சொன்னாள்.

நாச்சிமுத்துவின் கை இன்னும் செங்கமலத்தின் மடியில் இருந்தது. தறிச் சத்தம் இல்லாத ஊர் என்பதால் காருக்குள் எல்லாம் துல்லியமாகக் கேட்டது. நீளமாக ஒரு இழுப்பு. முடிவில் இரண்டு விசில், முதல் விசில் கொஞ்சம் நீளம். அவர் கேட்டார். மறுபடி கேட்டார்.

"இதையா புள்ள பதினாலு வருசமாக் கேட்டுட்டுக் கெடந்தே?"

அவளுக்குப் பதில் சொல்ல மூச்சில்லை. கையை மட்டும் தூக்கி ஆஸ்பத்திரி இருக்கும் திசையைக் காட்டினாள். அவர் காரைப் பின்னால் எடுத்தார், ரிவர்ஸ் கேமராவில் தெரு முழுக்க நின்றது, ஒவ்வொருத்தராக விலகி வழி விட்டார்கள்.

மறுநாள் ஆறு மணிக்குத் தெரு விழித்துக்கொண்டது. "மாவேய்... இட்லி மாவேய்..." என்ற குரல் தெருமுனையில் கிளம்பி, வீடு வீடாக வந்து, ராக்கியண்ணன் வாசலில் நின்று அளந்து ஊற்றிவிட்டு, செங்கமலம் வீட்டு முன்னால் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாய் பேசாமல் கடந்து, அதற்கு அடுத்த வீட்டில் மறுபடி தொடங்கியது. அன்றைக்கு மட்டுமல்ல, அதற்கு மறுநாளும் அப்படித்தான், என்றைக்கும் அப்படித்தான்.

வாசலில் நாச்சிமுத்து பானட்டைத் திறந்து ஆயில் குச்சியைப் பனியன் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். கதவுப் பக்கம் நாற்காலியில் சாய்ந்து செங்கமலம் அந்தக் குரல் தன் வீட்டைத் தாண்டிப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அடுத்த அமாவாசைக்கு ஆறுச்சாமிகிட்டச் சொல்லியிருக்கேன்" என்றார் அவர் திரும்பாமலே. "அதக் கழட்டித் திரும்ப மாட்டறதுக்கு. அன்னிக்கு வண்டிய நீ ஓட்டோணும்."

அவள் முடியாது என்று தலையை ஆட்டினாள். அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் கேட்கிற மாதிரி இல்லை. நாலு டயரையும் ஒவ்வொன்றாக உதைத்துவிட்டு, ஸ்டெப்னியை உதைக்கப் பின்பக்கம் போனார்.